கூட்டிச் சொன்ன வயது

சுடலைக்குமாருக்கு அப்போது வயது பதினேழு. நீதிபதி கேட்டபோது அவன் பதினெட்டு என்று சொன்னான். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற வெயிலம்மாள்தான்.

அன்றைக்கு அவள் கோவில்பட்டிக் கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய் நிற்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த போலீஸ்காரர், பெரியவர்கள் ஜெயிலுக்குத்தான் போகிறான், பள்ளிக்கூடத்துச் சான்றிதழிலும் பதினெட்டு முடிந்திருக்கிறது, அவன் வாயாலும் பதினெட்டு என்று சொல்லிவிட்டான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதில் தனியாக அழுவதற்கு என்ன இருக்கிறது என்று வெயிலம்மாளுக்கு விளங்கவில்லை. பிள்ளை வழிப்பறியில் பிடிபட்டான் என்பதற்கே அவள் அழுது முடித்திருந்தாள். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே சட்டம் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறது என்பதும், தன் பிள்ளையைத் தானே தூக்கி அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிய வந்தது பிறகுதான்.

தெரிய வைத்தவர் வக்கீல் ஜெயப்பிரியா. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கம் சும்மா வைத்துக் கொடுக்கிற வக்கீல். சின்ன வயதுதான், ஆனால் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிற ஆள். அப்படிக் கேட்டுக்கொண்டே போனதில், பேச்சோடு பேச்சாக வெயிலம்மாள் வாயிலிருந்து விழுந்தது.

"அவனுக்கு எங்க மேடம் பதினெட்டு? வார ஆடிக்குத்தான பதினெட்டு முடியும்."

ஜெயப்பிரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினெட்டு முடியாதவன் சட்டத்தின் கண்ணில் பிள்ளை என்றும், அவனை ஜெயிலில் வைக்கவே கூடாது என்றும், அவனுக்கென்று தனியாக இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது என்றும், அங்கே தண்டிப்பதைவிடத் திருத்துவதைத்தான் பார்ப்பார்கள் என்றும் எடுத்துச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. தடுப்பூசி அட்டை? அதுவும் கரிக்காட்டிலேயே எங்கேயோ போயிற்று. அப்படியானால் பள்ளிக்கூடத்தில் எழுதியதுதான் செல்லும், அதை எழுதியவரே வந்து பொய் என்று சொன்னால் ஒழிய என்றார் ஜெயப்பிரியா.

கரிக்காடு என்றால், வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடிப் புகைய விட்டுக் கரியாக்குகிற இடம். நாகலாபுரத்துப் பக்கம் மழை பொய்த்தால் ஜனம் குடும்பத்தோடு அதற்குத்தான் கிளம்பும். வெயிலம்மாளும் அவள் புருசன் சாமித்துரையும் அப்படிப் போன இடத்தில், ஓலைக் குடிசைக்குள்ளே பிறந்தவன் சுடலைக்குமார். ஆடி மாதம், காற்று கரி மூட்டத்துப் புகையை எல்லாம் குடிசைக்குள் கொண்டு வந்து கொட்டிய நாள் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் தாய்க்கு ஞாபகம் இருப்பதைக் கோர்ட்டில் எந்த முத்திரை குத்தி ஏற்றுக்கொள்வார்கள்?

பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போது கரி ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து சாமித்துரை செத்துப்போனான். வெயிலம்மாள் ஊருக்குத் திரும்பித் தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தாள். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். ஆபீஸ் வேன் பொழுது விடியுமுன் வந்து ஆரன் அடிக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் போனாள். மேற்பார்வைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், உள்ளே ஒரு பிள்ளைத்தலை தெரிந்தால் குழந்தைத் தொழிலாளர் கேஸ் போட்டு ஆபீஸையே பூட்டிவிடுவார்கள் என்று. அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான், குற்றம் சொல்ல முடியாது. பிள்ளையை ஆபீஸுக்குள் விடாதே என்று சொல்லத் தெரிந்தவர்கள், பின்னே எங்கே விடுவாள் என்று யோசிக்கத்தான் மறந்துபோனார்கள்.

ஊரில் அங்கன்வாடி இல்லாமல் இல்லை. கட்டடம் இருந்தது. சுவரில் ஆப்பிள் தின்கிற குழந்தை ஒன்றின் படம் இருந்தது, கரிசல் காட்டில் எந்தக் குழந்தை ஆப்பிள் தின்றதோ! ஆள்தான் இல்லை. இருந்த அம்மாள் ஓய்வு பெற்றுப் போனபின் வேறு ஆள் போடவில்லை. பக்கத்து ஊர்க்காரி கூடுதல் பொறுப்பு என்ற பெயரில் எப்போதாவது வந்து பூட்டைத் திறந்து, சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு போவாள். மாவு வந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மனுசி வரவில்லை.

ஆகவே அந்த ஜூன் மாதம், நாலு வயதுகூட முடியாத பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப் போனாள். தலைமையாசிரியர் பூவனநாதன் சார், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடு என்றார். பிறந்த தேதி இல்லாத பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க வாத்தியார்கள் வைத்திருந்த பழைய அளவு அது. ஊர் உலகமெல்லாம் கைவிட்ட பிறகும் சார் அதை விடவில்லை. பையனுக்குக் கை எட்டவில்லை. வெயிலம்மாள் பக்கத்தில் நின்று அவன் தலையை லேசாகச் சாய்த்துவிட்டாள். விரல் நுனி காதில் பட்டது. சார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலக் குனிந்து, ஒரு வருசம் கூட்டி மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். அவர் பாடு அவருக்கு. பிள்ளைகள் எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தை வேறு ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தார்கள்.

யார் கேட்டாலும் அஞ்சு வயசுன்னு சொல்லணும், மாற்றிச் சொன்னால் சத்துணவில் சோறும் கிடையாது முட்டையும் கிடையாது என்று அவள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவன் கெட்டிக்காரன். பார்வையிட வந்த அதிகாரி கன்னத்தைத் தட்டிக் கேட்டபோது அஞ்சு என்று கணீரென்று சொன்னான். பின்னால் வருசத்துக்கு வருசம் அந்தக் கணக்கிலேயே சொல்லிக்கொண்டு வந்தான். நீதிபதியிடமும் அப்படித்தான் சொன்னான். அம்மா சொல்லிக்கொடுத்ததில் அந்தப் பிள்ளை தவறாமல் காப்பாற்றியது இந்த ஒன்றைத்தான்.

அவன் எடுத்த எடுப்பில் கெட்டுப்போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு கோவில்பட்டியில் அரசாங்க விடுதியில் தங்கிப் படித்தான். விடுதிச் சாப்பாட்டை எல்லாரும் குறை சொல்வார்கள், அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. கூடச் சாப்பிடப் பத்துப் பேர் இருந்தார்கள், மாலையில் உட்கார ஒரு பெஞ்சு இருந்தது, ஏழு மணிக்கு மேல் எங்கே போனாய் என்று கேட்க ஒரு காப்பாளர் இருந்தார். பத்தாம் வகுப்பில் பாதியில், பிள்ளைகள் போதவில்லை என்று அந்த விடுதியை மூடி, வெகு தூரத்து விடுதியோடு சேர்த்தார்கள். அங்கே போனால் பள்ளிக்கூடத்தையும் மாற்ற வேண்டும். அவன் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். ஊர் பஸ் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். பிந்தி வந்ததற்குத் தினமும் வெளியே நிற்க வேண்டும். நின்று பார்த்தான், பிறகு போகவில்லை. வெயிலம்மாளுக்கு விசயம் தெரிய தீபாவளி தாண்டிவிட்டது. அவள் அடித்தாள், அழுதாள், மறுநாள் விடியுமுன் வேன் வந்துவிட்டது.

சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு அவள் போவாள். அவன் எழுந்து, தனியாகத் தின்று, எட்டயபுரம் ரோட்டுக்குப் போய் டீக்கடையில் உட்காருவான். மூன்று நாலு வருசம் இப்படியே போயிற்று. மணிராஜ் அங்கேதான் பழக்கமானான். அவனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், பைக் வைத்திருந்தான், ஓட்டக் கொடுத்தான். ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மாளின் கழுத்துச் சங்கிலியைப் பின்னால் உட்கார்ந்திருந்த மணிராஜ் இழுத்தான். அந்த அம்மாள் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டியை ஓட்டியவன் சுடலைக்குமார். மணிராஜுக்கு ஆள் இருந்தது, சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான். சுடலைக்குமாருக்குக் கையெழுத்துப் போட ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லை.

ஜெயிலில் முதல் தடவை பார்த்தபோது பையன் மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தான். அடுத்த தடவை போனபோது கொஞ்சம் தெளிந்திருந்தான். உள்ளே ஒரு அண்ணாச்சி இருக்கிறார், தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார், அதனால் யாரும் தொந்தரவு செய்வதில்லை என்றான். அந்த அண்ணாச்சி எந்தக் கேஸில் உள்ளே இருக்கிறார் என்று கேட்க வெயிலம்மாளுக்குத் தோன்றவில்லை. அந்த மகராசன் நல்லா இருக்கணும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

பூவனநாதன் சார் இப்போது கோவில்பட்டியில் இருந்தார். தேடிப் பிடித்துப் போய் நின்றதும், உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். விசயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. வயதான காலத்தில் கோர்ட்டுப் படி ஏறுவதற்கு அவர் பயப்படவில்லை. அவர் பயந்தது வேறு.

"நான் தேதி போட்ட பிள்ளைக ஒண்ணு ரெண்டு இல்ல வெயிலு. போலீஸ்ல ஒருத்தன் இருக்கான், ஆஸ்பத்திரில நர்ஸா ஒருத்தி இருக்கா. ஒண்ணு பொய்னு நான் சொன்னா, மத்ததையும் தோண்டுவாவ. அவிய வேலைக்கு என்ன ஆகும்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அடுத்தவள் பிள்ளை பிழைப்பைக் கெடுத்துத் தன் பிள்ளையை மீட்க வேண்டுமா என்று அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவள், படியில் நின்று திரும்பினாள்.

"நான் தலையைச் சாச்சது தப்புத்தான் சார். ஆனா அவன் கை எட்டலைன்னு இந்த ஒலகத்துல ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."



வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, ஒரு நாள் எல்லாரும் இருந்தார்கள், ஜெயிலிலிருந்து பையனைக் கூட்டி வரப் போலீஸ் இல்லை. ஒரு பிள்ளை பிள்ளைதானா என்று பார்க்க அவசரப்படுகிறவர் யாருமே இல்லை. ஐப்பசி போயிற்று, மார்கழி போயிற்று. வாய்தாவுக்கெல்லாம் லீவு போட்டதில் ஆபீஸில் வெயிலம்மாளுக்கு ஏச்சு. தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், வெள்ளை வேட்டி சட்டையில் பூவனநாதன் சார் தானாகவே வந்து கோர்ட்டில் நின்றார்.

அரசு வக்கீல் விடவில்லை. படித்தவர், தலைமையாசிரியர், அரசாங்கச் சம்பளம் வாங்கியவர், தெரிந்தே பொய்த் தேதி போட்டீர்களா என்று குடைந்தார். சார் குரலை உயர்த்தவே இல்லை.

"போட்டேன். பிள்ளைக குறைஞ்சா எம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவாவ. இந்தம்மாவுக்குப் பிள்ளையை விட வேற எடமில்ல. எங்க ரெண்டு பேருக்கும் அவனுக்கு ஒரு வயசு கூட வேண்டியிருந்தது. அவனுக்குத்தான் அது வேண்டியிருக்கல."

நீதிபதி எலும்புப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். டாக்டர்கள் பையனின் மணிக்கட்டைப் படம் பிடித்துப் பார்த்து, பதினேழிலிருந்து பதினெட்டு என்று எழுதினார்கள். சந்தேகம் என்று வந்தால் குறைந்த வயதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஜெயப்பிரியா வாதாடினார். மாசி மாதத்தில் தீர்ப்பு வந்தது: சுடலைக்குமார் சம்பவ நாளில் சிறுவன். ஜெயப்பிரியா வெயிலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெயிச்சுட்டோம்மா என்றார். வெயிலம்மாள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையைச் சுவருக்கு இந்தப் பக்கம் மறுபடி இழுத்துப் போட்டாயிற்று என்றுதான் நினைத்தாள்.

அடுத்த வாரம் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் அவனைக் கொண்டு வந்தார்கள். கோர்ட்டுப்போல இல்லை, ஒரு சாதாரண அறை. நீதிபதி அம்மாள் அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தம்பி என்று கூப்பிட்டுப் பேசினார். வழக்கு முடிகிறவரை அம்மாவோடு இருக்கலாம், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடச் சொல்கிறேன், நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றார். எல்லாம் நல்ல வார்த்தைகள். இத்தனை வருசத்தில் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாத வார்த்தைகள். நன்னடத்தை அலுவலர் அன்று வரவில்லை. மாவட்டம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். வேறு ஊரில் வேறு பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தார். அடுத்த வாரம் அவசியம் வருவார் என்று குமாஸ்தா சொன்னார்.

ஜெயப்பிரியா வேறொரு வழக்குக்கு ஓடிவிட, தாயும் பிள்ளையும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். வெயிலம்மாள் விடியுமுன் எழுந்து பொங்கி, மீன் குழம்பு வைத்துத் தூக்குச் சட்டியில் கொண்டு வந்திருந்தாள். தட்டில் போட்டு நீட்டினாள். அவன் வாங்கி மடியில் வைத்தான், ஆனால் கை வைக்கவில்லை. பசிக்கவில்லையா என்று கேட்டாள். பசிக்குது என்றான். பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இந்நேரத்துக்கு அண்ணாச்சி தட்டை முன்னால வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாவம்மா. நான் வந்து உக்காராம ஒரு நாளும் சாப்பிட மாட்டாவ."

மூடி வைத்துவிட்டுப் போன சோற்றுச் சட்டிகள் எல்லாம் வெயிலம்மாள் கண் முன்னால் வந்தன. அவனுக்காகச் சாப்பிடாமல் ஒருவர் காத்திருந்தது அவன் பிறவியில் அந்த ஜெயிலில்தான். அந்த ஆளைத்தான் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். வேலைக்கு இனிமேல் போகவில்லை, வீட்டில் உன்னோடுதான் இருப்பேன், ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடுவோம் என்று அவள் படபடவென்று சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. பாவம்போலப் பார்த்தான்.

"எத்தனை நாளைக்கும்மா?"

அவள் வாயைத் திறக்குமுன் கேட்டுக்கு வெளியே பைக் ஆரன் கேட்டது. மணிராஜ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான். சுடலைக்குமார் தட்டை அப்படியே வராந்தாத் திண்டில் வைத்துவிட்டு எழுந்தான். அண்ணாச்சிக்கு வெளியே ஒரு வேலை கிடக்கிறது, மணிராஜிடம் சொல்லி விட்டிருக்கிறார், அதை முடித்துக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன், நீ பஸ்ஸில் போ என்றான். என்ன வேலை என்று கேட்டாள். அவன் கேட்டைப் பார்த்து நடக்கத் திரும்பினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் முரட்டுத்தனமாக உதறவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, நடந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

அவள் உள்ளே ஓடினாள். நீதிபதி அம்மாள் அடுத்த வழக்கில் இருந்தார், கதவு சாத்தியிருந்தது. குமாஸ்தா நாற்காலியில் ஆள் இல்லை. திரும்பி ஓடி வந்து, கேட்டில் நின்ற போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, எம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறான் சார், மறிங்க சார் என்று கெஞ்சினாள். சின்னப் பிள்ளையோ என்று அவர் பதறி, பையனுக்கு என்ன வயசு என்று கேட்டார்.

"பதினேழு சார்," என்றாள் வெயிலம்மாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

போலீஸ்காரருக்கு மூச்சு வந்தது.

"பதினேழா? பெரிய பயதானம்மா. தன்னால வந்திருவான், நீங்க போங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த வண்டிக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்.